புதுமுகம் தோனி: ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு நிர்வாகத்தார் அவர்கள், சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட், சென்னை.

பொருள்: நான்கு கோடி ரூபாய்க்குத் தக்கவைக்கப்பட்ட புதுமுக வீரர் திரு. எம். எஸ். தோனி – கணக்கில் விடுபட்ட தொகைகளைச் சேர்த்துக் காட்டக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலிருந்து எழுதப்படும் விண்ணப்பம் இது. சேப்பாக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவில் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறது. திருவனந்தபுரத்துக்கோ காலையில் போய்ச் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். இருந்தும் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் பையன்கள் முதுகில் போட்டுத் திரிவது உங்கள் மஞ்சள் சட்டையைத்தான். அந்த உரிமையில், உங்கள் சம்பளப் பட்டியலை வரி வரியாகப் படித்துப் பார்த்தோம். 2026 ஐபிஎல் தொடருக்கான மினி ஏலம் 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் முடிந்து, பர்ஸில் 2.40 கோடி மிச்சம் என்று நீங்கள் எழுந்து போன பிறகும் எங்களுக்குக் கூட்டல் முடியவில்லை. ஒரே ஒரு வரிதான் இடிக்கிறது. தோனி, இந்திய அணிக்கு ஆடாத வீரர், நான்கு கோடி.

இந்திய அணிக்கு ஆடாத இந்தப் புதுமுகம் 90 டெஸ்ட், 350 ஒருநாள், 98 இருபது ஓவர் ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். 2007-லும் 2011-லும் உலகக் கோப்பையைத் தூக்கியிருக்கிறார். கடைசி ஆட்டம் 2019 ஜூலையில், மான்செஸ்டரில், நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. அதில் அவர் ரன் அவுட் ஆனதை எங்கள் ஊரில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் சர்வதேச ஆட்டத்தில் இறங்காத இந்திய வீரரை ‘அன்கேப்டு’ என்று கணக்கு எழுதலாம் என்கிற விதி 2008-லிருந்தே இருந்தது. சீந்துவாரில்லாமல் கிடந்ததால் 2021-ல் தூக்கினார்கள். 2024 செப்டம்பரில், மெகா ஏலத்துக்குச் சற்று முன்னால், அது மீண்டும் உயிர் பெற்றது. 2022-ல் பன்னிரண்டு கோடி வாங்கியவர் இதனால் நான்கு கோடிக்கு வந்தார். 2025 ஜூனில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அவரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொண்டது. இந்திய வாரியத்துக்குப் புதுமுகம், சர்வதேசக் கவுன்சிலுக்கு ஜாம்பவான். இந்த விதியில் குற்றம் கண்டுபிடிக்க நாங்கள் வரவில்லை. ராஜஸ்தான் அணியும் சந்தீப் சர்மாவை இதே கதவு வழியாகத்தான் நான்கு கோடிக்கு வைத்துக்கொண்டது, விதி எல்லோருக்கும் பொது என்று நீங்கள் சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறோம். பொது என்பதால்தான் எங்கள் பேரூராட்சிக்கும் அதை நீட்டிக்கச் சிபாரிசு செய்யுமாறு கேட்கிறோம். எங்கள் ஊர் மணல் ஆலையில் ஓய்வு பெற்று ஐந்து வருடம் தாண்டிய பெரியவர்களை அப்ரண்டிஸாகச் சேர்க்கலாம். ஐந்து வருடமாகத் தொகுதிப் பக்கம் தலைகாட்டாத மக்கள் பிரதிநிதிகளைப் புதுமுக வேட்பாளர் என்று சுவரில் எழுதலாம். அவர்கள் விஷயத்தில் இந்த வழக்கம் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதாகவும் ஒரு பேச்சு உண்டு.

எங்கள் வாதம் வேறு. நான்கு கோடி மலிவு இல்லை என்பதுதான் அது. ஒரு வீரருக்குக் கொடுக்கும் சம்பளம் மட்டும் அவருடைய விலை ஆகாது. அவர் அந்த இடத்தில் இருப்பதால் மற்ற இடங்களில் நீங்கள் செய்ய வேண்டி வருகிற செலவும் சேர்ந்ததே விலை. 2026-க்கான பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். விக்கெட் கீப்பர் தோனி, நான்கு கோடி. ராஜஸ்தானிலிருந்து பரிமாற்றத்தில் வாங்கிய சஞ்சு சாம்சன், பதினெட்டுக் கோடி. அவரும் விக்கெட் கீப்பர். முப்பது லட்சம் அடிப்படை விலையில் நின்ற பத்தொன்பது வயது கார்த்திக் சர்மா, 14.20 கோடி, அவரும் கையுறையோடுதான் வருகிறார். உர்வில் பட்டேலை இதில் சேர்க்கவே இல்லை. ஒரு ஜோடி கையுறைக்குப் பின்னால் 36.20 கோடி வரிசையில் நிற்கிறது. சஞ்சு தொடக்க ஆட்டக்காரர், கார்த்திக் சிக்ஸர் அடிப்பவர், எல்லோரும் கீப்பிங்குக்காகவே வந்தவர்கள் அல்ல என்பீர்கள். வாரிசு என்று ஒருவர் வேண்டாமா என்றும் கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் வாரிசுக்குப் பட்டம் கட்டுவதும் பிடுங்குவதும் உங்களிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. 2022-ல் ஜடேஜாவிடம் தலைமையைக் கொடுத்தீர்கள். எட்டு ஆட்டங்களில் அது தோனியிடம் திரும்பியது. 2024-ல் ருதுராஜிடம் கொடுத்தீர்கள். 2025-ல் அவர் முழங்கையில் அடிபட்டதும் மறுபடி தோனி. காயத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் துணைக்கு வேறொரு தலைவனை வளர்க்காதது காயத்தால் நேர்ந்ததல்ல.

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்துக்கு நீங்கள் போனது இப்படி: ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரனா 13, துபே 12, தோனி 4. ஆக மொத்தம் 65 கோடி. ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி என்பதால் மீதி 55. தோனி வரியில் மிச்சம் பிடித்த பணத்தால் ஐந்து பேரையும் வைத்துக்கொள்ள முடிந்தது என்று அப்போது எல்லோரும் சிலாகித்தார்கள். எங்கள் ஊர் டீக்கடையும் அதில் அடக்கம். அதே சமயம் பஞ்சாப் என்ன செய்தது? இரண்டே இரண்டு அன்கேப்டு வீரர்களை 9.50 கோடிக்கு வைத்துக்கொண்டு 110.50 கோடியோடு ஏலத்தில் உட்கார்ந்தது. பெங்களூரு மூன்று பேரை வைத்துக்கொண்டு 83 கோடி கொண்டுபோனது. 2025 லீக் பட்டியலில் பஞ்சாப் முதலிடம், பெங்களூரு இரண்டாமிடம். இறுதி ஆட்டத்தில் ஆறு ரன் வித்தியாசத்தில் பெங்களூருக்குக் கோப்பை. பட்டியலின் அடியில் எட்டாவது கொல்கத்தா, 51 கோடி. ஒன்பதாவது ராஜஸ்தான், 41 கோடி. பத்தாவது நீங்கள், 55 கோடி. மும்பையும் 45 கோடியோடுதான் போய் நான்காவது வந்ததே என்று நீங்கள் குறுக்கே பேசலாம். நியாயமான கேள்வி. மும்பை வைத்துக்கொண்டது பும்ரா, சூர்யகுமார், ஹர்திக், ரோகித், திலக் வர்மா. அதில் பெரும்பாலோர் அன்றைய இந்திய அணியின் முதுகெலும்பு. ஆளை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. எதற்காக வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம். நீங்கள் வைத்துக்கொண்டது ஓர் அணியையா, ஒரு குடும்ப ஆல்பத்தையா என்று பார்க்க வேண்டும்.

மீதி 55 கோடியை என்ன செய்தீர்கள் என்று பார்த்தால் அது விளங்கும். 9.75 கோடிக்கு அஸ்வின். 2015 வரை உங்களோடு இருந்தவர், வீடு திரும்புகிறார் என்று ஊரே உருகியது. 6.25 கோடிக்குக் கான்வே, நான்கு கோடிக்கு ரச்சின் ரவீந்திரா, 2.40 கோடிக்கு சாம் கரன், 1.20 கோடிக்கு விஜய் சங்கர். எல்லோரும் ஏதோ ஒரு வருடம் இதே மஞ்சளில் இருந்தவர்கள். நூர் அகமதை வாங்கியது நல்ல வியாபாரம், 24 விக்கெட் எடுத்தார். அதை மறுக்க மாட்டோம். மற்றபடி ஏலக் கூடத்தில் நீங்கள் தேடியது தெரிந்த முகம். எங்கள் மணல் ஆலையில் கருமணலைக் காந்தப் பிரிப்பானில் விடுவார்கள். காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது இல்மனைட். மணலில் அதிகம் கிடப்பதும் அதுதான், டன்னுக்கு விலை குறைவானதும் அதுதான். ரூட்டைலும் சிர்கானும் காந்தத்துக்கு மசியாது. அவற்றைப் பிரித்தெடுக்க உயர் மின்னழுத்தம் வேண்டும், பொறுமை வேண்டும். உங்கள் ஏல மேசையில் காந்தம் மட்டுமே இருந்தது. ஒட்டியதையெல்லாம் எடுத்து வந்தீர்கள்.

அதன் பலன் 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் கண்ணெதிரே தெரிந்தது. பெங்களூரு வைத்த இலக்கு 197. விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருக்கின்றன. தோனி வரவில்லை. ஏழாவது விக்கெட்டும் போன பிறகு, ஒன்பதாவது ஆளாக, அஸ்வினுக்கும் பின்னால் இறங்கினார். பதினாறு பந்தில் முப்பது ரன், கூட்டம் கூத்தாடியது, அணி ஐம்பது ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றைக்குத்தான். அவருடைய முழங்கால் முன்போல இல்லை, பத்து ஓவர் நின்று ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃப்ளெமிங் அடுத்த சில நாட்களிலேயே வெளிப்படையாகச் சொன்னார். நாற்பத்து மூன்று வயது முழங்காலைப் பற்றி எங்களுக்கு ஒரு புகாரும் கிடையாது. அந்த முழங்காலைச் சுற்றி மற்ற பத்துப் பேரின் வரிசையை அமைத்தீர்களே, அதற்குத்தான் ரசீது கேட்கிறோம். அந்தத் தொடரில் சேப்பாக்கத்தில் ஆடியது ஆறு ஆட்டம். முதலாவதில் மும்பையை வென்றீர்கள். அதன் பிறகு வரிசையாக ஐந்து தோல்வி. கொல்கத்தாவுக்கு எதிராக ஒன்பது விக்கெட்டுக்கு 103. பதினான்கில் நான்கு வெற்றியோடு, அணியின் வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடம்.

காந்தத்தில் ஒட்டாமல் போனது என்ன என்றும் சொல்லிவிட வேண்டும். 2022 ஏலத்தில் சாய் சுதர்சனைக் குஜராத் அள்ளிக்கொண்டு போனது இருபது லட்சத்துக்கு. அடுத்த வருடம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21.60 லட்சம், உள்ளூர் லீக்கில் ஐபிஎல்லைவிடக் கூடுதல் விலை போன அதிசயப் பிறவி. 2023 இறுதி ஆட்டத்தில் அவர் உங்களுக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார். 2025-ல் 759 ரன் குவித்து ஆரஞ்சுத் தொப்பி. சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு வருடமும் உங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆட்டம்கூடக் கொடுக்கவில்லை. குஜராத் போனதும் பந்து வீசத் தொடங்கினார். வருண் சக்கரவர்த்தி, நடராஜன், வாஷிங்டன் சுந்தர் என்று தமிழ்நாட்டு வீரர்களின் வரிசையை நீட்ட முடியும், நீட்டவில்லை. இது மண்ணின் மைந்தர் வாதம், ராஞ்சிக்காரரான தோனியைத் தல என்று தூக்கி வைத்த ஊருக்கு அழகா என்று யாராவது கேட்கக்கூடும். எங்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாங்களே தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூர்க்காரர்கள். அந்தக் கணக்கில் விழிஞ்ஞம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்த சஞ்சுதான் உங்கள் அணியிலேயே எங்களுக்கு மிக நெருங்கிய உறவு. பிறந்த ஊருக்காகச் சாய் சுதர்சனை எடுக்கச் சொல்லவில்லை. மாநிலம் முழுக்க அந்தப் பையன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருந்த உங்களுக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி என்று கேட்கிறோம். தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாத முகம் கண்ணில் படாது.

கடைசி இடத்துக்குப் பிறகு நீங்கள் திருந்திவிட்டதாகச் சொல்கிறார்கள். ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சுவை வாங்கினீர்கள். ஜடேஜா 2012-லிருந்து இருந்தவர், 2023 இறுதியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்றபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவர். அவருடைய சம்பளம் போகிற போக்கில் பதினெட்டிலிருந்து பதினான்கு கோடியாகக் குறைந்தது. அவர் இடத்துக்கு இடக்கைச் சுழல் ஆல்ரவுண்டர், இருபது வயது பிரசாந்த் வீரை 14.20 கோடிக்கு எடுத்தீர்கள். ஜடேஜாவுக்கு இன்று ராஜஸ்தான் தருவதைவிட இருபது லட்சம் கூடுதல். பையன் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த விலையை நிர்ணயித்தது அவருடைய ஆட்டமா? கையில் 43.40 கோடி, நிரப்ப வேண்டிய இடம் ஒன்பது, சந்தையில் நல்ல இந்திய இளைஞர்கள் நாலைந்து பேர். ஏலத்தில் செலவாகாத பணத்தால் களத்தில் ஒரு ரன்னும் வராது. ஆகவே கிடைத்த இருவர் மேல் 28.40 கோடியைக் கொட்டினீர்கள். பையில் அத்தனை பணம் எப்படி வந்தது என்றால், முந்தைய வருடம் உறவுக்காரர்கள் என்று வாங்கியவர்களில் பலரை விடுவித்ததால். பதிமூன்று கோடிக்குத் தக்கவைத்த பதிரனாவையும் விட்டீர்கள். கொல்கத்தா பதினெட்டுக்கு எடுத்துக்கொண்டது. பழசுக்குக் கொடுத்த கூடுதல் விலையையும் அதற்கான பரிகாரத்தையும் சேர்த்து இப்போது இளசுக்குக் கொடுக்கிறீர்கள். இதற்கு இளைஞர் கொள்கை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், அமெரிக்க பேஸ்பால்காரர்கள் இந்த வித்தையில் நமக்கு மூத்தவர்கள். அங்கே நம்மைப்போல் கண்டிப்பான சம்பள உச்சவரம்பு இல்லை; ஓர் எல்லைக்கு மேல் போனால் சொகுசு வரி கட்டிவிட்டு இன்னும் செலவழிக்கலாம். நியூயார்க் மெட்ஸ் அணி, பாபி போனியா என்ற ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் டாலர் கொடுக்கிறது. அவர் அந்த அணிக்குக் கடைசியாக ஆடியது 1999-ல். சம்பளம் 2035 வரை உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2023 டிசம்பரில் ஓத்தானியோடு போட்ட எழுபது கோடி டாலர் ஒப்பந்தத்தில் அறுபத்தெட்டுக் கோடியை ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான் தரப்போகிறது. அங்கே ஆடாதவருக்குச் சம்பளம். இங்கே ஆடியவருக்கு ஆடாதவர் என்று சான்றிதழ். ஆனால் ஒரு வித்தியாசம். கடனைத் தள்ளிப்போட்டாலும் அவர்கள் அதைக் கடன் என்றே எழுதி வைக்கிறார்கள். எந்தத் தேதியில் எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். நீங்கள் தள்ளிப்போட்ட கடன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கடைசியாக ஓர் ஆட்சேபம் இருக்கிறது, வலுவானது. தோனி இல்லாவிட்டால் மஞ்சள் சட்டை விற்காது, அரங்கம் நிறையாது, அவர்தான் அணியின் வருமானம் என்பது. அரங்கம் நிறையும் என்பது உண்மை. ஆனால் ஐபிஎல்லின் பெரிய பணம் டிக்கெட்டில் இல்லை. 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. அதில் எல்லா அணிகளுக்கும் பங்கு உண்டு. கடைசி இடம் வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடும் ஏற்பாடும் இங்கே இல்லை. தோற்றால் பெரிதாக இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில், ஆட்டத்தைவிட அன்பு லாபமான சரக்கு. அதை விற்பது உங்கள் உரிமை. அந்த அன்பு அணிக்கு என்ன செய்தது என்பதையும் பாருங்கள். கூட்டம் நான் அவுட்டாக வேண்டும் என்றுதான் காத்திருக்கிறது, அப்போதுதானே தோனி வருவார் என்று 2023-ல் ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். சொந்த அணியின் விக்கெட் விழுந்ததும் சொந்த மைதானமே எழுந்து நின்று கை தட்டுகிறது. இதையும் வருமானத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள் போலும். அந்தக் கைதட்டலில் மணவாளக்குறிச்சியின் பங்கும் உண்டு. டிவி முன்னால் உட்கார்ந்து தட்டினோம்.

ஆகவே, தக்கவைப்புப் பட்டியலை இனி வெளியிடும்போது தோனி வரிக்கு நேரே நான்கு கோடியோடு, அந்த வரிக்காக வாங்கிய, விற்ற, இறக்கிய, ஏற்றிய மற்ற வரிகளையும் கூட்டிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இன்னொன்று, அவசரமில்லை: அஸ்வின் இந்தியாவுக்குக் கடைசியாக ஆடியது 2024 டிசம்பரில், அடிலெய்டில். விதி அப்படியே நீடித்தால் 2030 தொடருக்கு அவரும் புதுமுகம். 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார் என்பதையெல்லாம் நீங்கள் ஒரு தடையாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி, நான்கு கோடியை இப்போதே தனியாக எடுத்து வைக்குமாறு பரிந்துரைக்கிறோம்.

இப்படிக்கு,
மணவாளக்குறிச்சி மஞ்சள் சட்டைக்காரர்கள்
(இந்திய அணிக்கு இதுவரை ஆடாதவர்கள், விலை பேசலாம்)